இரண்டு ரீலோட் கார்டும் ஒரு வாழ்த்து அட்டையும்

ஆர்லன் ஸ்கார் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு இடப்பக்கம் இருக்கும் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தால் கரண்டி இருக்காது. வாழ்த்து அட்டைகள்தான் இருக்கும். பேரன் பட்டம் வாங்கியதற்கு ஒன்று, இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டு வீடு திரும்பியவருக்கு ஒன்று, நாயைப் பறிகொடுத்தவருக்கு ஆறுதலாக ஒன்று என்று நாற்பதுக்கு மேல். ஆர்லனுக்குப் பேரன் கிடையாது. அவருடைய இடுப்பு நன்றாகவே இருந்தது. நாயும் அடுப்படியில் குறட்டை விட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு அட்டையிலும் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், டுலூத் நகரத்தில் இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஏரியிலிருந்து செங்குத்தாக ஏறும் தெருக்களில் ஜனவரிப் பனியிலும் ஒரு நிமிடம் பிந்தாமல் வந்து நிற்பார். அவர் பண்பைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். ஒருமுறை இரும்புக்கடையில் ஒரு பொட்டலம் ஆணிக்குப் பதில் இரண்டு பொட்டலம் பையில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தவர், கொட்டும் பனியில் பதினோரு மைல் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். “இதுக்கா வந்தீங்க?” என்று கடைக்காரர் கேட்டதற்கு, “சும்மா இந்தப் பக்கம் வந்தேன்” என்றார். அந்தப் பக்கம் அந்தக் கடையைத் தவிர வேறெதுவும் கிடையாது.

அப்படிப்பட்டவர்தான் சென்ற இலையுதிர்காலத்திலிருந்து மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி ரீலோட் கார்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

காரணம் சிக்னே. ஒரே மகள். நியூசிலாந்தில், வெலிங்டனில் இருக்கிறாள். ஏப்ரல் கடைசியில் அவளுக்குப் பிரசவம். “நீங்க ரெண்டு பேரும் வரணும்” என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அப்பாவின் மகள், அதற்குமேல் வற்புறுத்தமாட்டாள். ஆனால் இரண்டு விமான டிக்கெட்டின் விலையைப் பார்த்தபோது ஆர்லன் கணினித் திரையை மெதுவாகச் சாய்த்து மூடினார்.

காலைச் சுற்றுக்கும் மாலைச் சுற்றுக்கும் நடுவில் பேருந்துக் கொட்டகையில் உட்கார்ந்து அவர் படித்த ஏதோ ஓர் இணையதளத்தில் வழி இருந்தது. மருந்துக்கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் அந்த வருடம் ஐந்து மடங்கு புள்ளி. அங்கேயே ஐநூறு டாலர் போட்ட ரீலோட் கார்டு விற்கிறது. அதை வாங்கி, பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, எண்ணைக் கணினியில் அடித்தால் பணம் இன்னொரு கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கிலிருந்து கிரெடிட் கார்டு பில்லைக் கட்டிவிடலாம். கடைக்குக் கட்டணம் நாலு டாலர். புள்ளி மட்டும் நம்மிடம் தங்கிவிடும். புள்ளி சேர்ந்தால் விமான இருக்கை.

இதை அவர் மனைவி கார்மெலாவிடம் விளக்கியபோது அவள் கத்தியை வெங்காயத்தின் பாதியிலேயே நிறுத்தினாள். அவள் பிலடெல்பியாக்காரி; எதையும் உரக்க, நேராகக் கேட்கிற ஊர் அது. முப்பது வருடம் டுலூத்தில் வாழ்ந்தும் குரல் ஒரு கட்டைகூட இறங்கவில்லை.

“இரு. நம்ம பணத்தயே கார்டுல போட்டு, அதாலயே நம்ம கடனக் கட்டுறோம். அதுக்கு எவனோ நம்மள உலகத்தோட அந்தக் கோடிக்குக் கூட்டிட்டுப் போறான்?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“யாருக்கு நஷ்டம்?”

“அதான் எனக்கும் புரியல.”

சட்டத்தில் தப்பில்லை என்று மூன்று இடத்தில் படித்து உறுதி செய்துகொண்டார். ஆனாலும் யாருக்கு நஷ்டம் என்று தெரியாமல் லாபம் பார்ப்பது ஆர்லனை உறுத்தியது. கையில் யாருடையதோ ஆணிப் பொட்டலம் இருப்பதுபோல இருந்தது. அதனால் தானாகவே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார். எப்போது ரீலோட் கார்டு வாங்கினாலும், கல்லாவில் இருப்பவரின் சிரமத்துக்காக வேறு ஏதாவது ஒன்றும் வாங்கிவிட வேண்டும். மிட்டாய் வாங்கலாம் என்றால் சர்க்கரை வியாதி. கல்லாவுக்குப் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஒரு டாலர் வாழ்த்து அட்டைத் தட்டு. முன்னால் இருப்பதை உருவிவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. பின்னால் ஆட்கள் நிற்கும்போது நின்று படித்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை.

இந்த ஊரில் மரியாதை கொஞ்சம் சுற்றுவழியில் போகும். காபி வேண்டுமா என்றால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, ஐயோ சிரமப்படாதீர்கள் என்பார்கள். மூன்றாம் தடவைதான், போட்டு வைத்திருந்தால் கொஞ்சம் கொடுங்கள் என்பார்கள். யாரும் யாரிடமும் நேராக எதையும் கேட்பதில்லை.

பிப்ரவரி கடைசி வாரத்தில் முதல் இருக்கைக்கான புள்ளி சேர்ந்துவிட்டது. இரண்டாவது இருக்கைக்கு இன்னும் இரண்டே கார்டு. மார்ச் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை, கிரெடிட் கார்டின் அந்த மாத பில் கணக்கு முடிகிறது. அதற்குள் வாங்கினால் ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி விமானத்தில் இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கும். விட்டால் போச்சு. திங்கட்கிழமையிலிருந்து ரீலோட் கார்டுக்கு ரொக்கம் மட்டும்தான் என்று கடை வாசலிலேயே தாள் ஒட்டிவிட்டார்கள். மற்ற கடைகள் முன்பே நிறுத்திவிட்டன.

வியாழக்கிழமை மதியம் ஆர்லன் வழக்கமான மருந்துக்கடைக்குப் போனார். கல்லாவில் பெவ் கூசிஸ்டோ. மூக்குக்கண்ணாடியை மணிச்சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். எட்டு வருடப் பழக்கம். அவள் தங்கை பிள்ளைகள் ஆர்லன் பேருந்தில் போய்த்தான் படித்தார்கள்.

கொஞ்ச நாளாகவே பெவ் ஒரு மாதிரி இருந்தாள். போன வாரம் இப்படி ஒரு பேச்சு நடந்தது.

“கார்மெலா நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்கா.”

“நல்ல மனுஷி.”

“ஆமாங்க.”

“ரொம்ப நல்ல மனுஷி, ஆர்லன்.”

கார்மெலா தேவாலயத்துக்கு ஏதோ நன்கொடை கொடுத்திருப்பாள் போலிருக்கிறது என்று ஆர்லன் நினைத்துக்கொண்டார். அதற்கு முந்தைய வாரம், தொலைபேசியில் பேசி ஏமாற்றுகிறவர்களைப் பற்றிய ஒரு துண்டுத்தாளைப் பெவ் அவர் பைக்குள் போட்டிருந்தாள். அதன் பின்பக்கம் காலியாக இருந்ததால் பேருந்தின் டயர் காற்றளவை அதில் குறித்து வைத்தார்.

வியாழக்கிழமை அவர் இரண்டு கார்டையும், கைக்கு வந்த ஒரு வாழ்த்து அட்டையையும் கல்லா மேல் வைத்தார். பெவ் கார்டுகளை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் பக்கம் தள்ளி வைத்தாள்.

“இந்த மெஷின் இன்னைக்கு என்னவோ பண்ணுது.”

“அப்படியா?”

“இந்தக் கார்டு போட்டா எடுக்க மாட்டேங்குது.”

“மெஷின்னா அப்படித்தான். பரவால்லங்க. அட்டைய மட்டும் போடுங்க.”

வாழ்த்து அட்டைக்கு அவர் அதே கிரெடிட் கார்டைத் தேய்த்தார். மெஷின் சட்டென்று ஏற்றுக்கொண்டு சீட்டைத் துப்பியது. இருவரும் அந்தச் சீட்டைப் பார்த்தார்கள்.

“பத்திரமா ஓட்டிட்டுப் போங்க, ரோடு வழுக்குது” என்றாள் பெவ்.

அவர் காரில் உட்கார்ந்து யோசித்தார். மேலிடத்திலிருந்து பெவ்வுக்கு ஏதோ உத்தரவு வந்திருக்க வேண்டும். அவள் வாயால் சொல்லச் சங்கடப்படுகிறாள். பாலத்தைத் தாண்டி சுப்பீரியர் ஊருக்குப் போனார். அங்கே கார்டு தொங்கும் கொக்கி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு கடையில் ரொக்கம்தான் என்றார்கள்.

வீட்டில் கார்மெலா கேட்ட முதல் கேள்வி, “ஏன் தரலைன்னு கேட்டியா?”

“கேக்கல.”

“ஏன் கேக்கல?”

“அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.”

“நான் போய்க் கேக்கறேன்.”

“வேண்டாம் கார்மெலா. அவங்க வேலைக்கு ஏதாவது வந்துடும்.” தொப்பியைக் கழற்றி நாயின் முதுகில் வைத்தார், நினைவில்லாமல். “நீ போயிட்டு வா. ஒரு டிக்கெட் இருக்கே. நான் நாயப் பாத்துக்கறேன்.”

கார்மெலா அந்தத் தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

“நீ வரலைன்னா நானும் போகல” என்றாள். “சிக்னேகிட்ட நீயே ஃபோன் பண்ணி சொல்லு. என்னால முடியாது.”

அவர் தொலைபேசியை எடுத்தார். எண்ணை அழுத்தவில்லை. அங்கே இப்போது விடியற்காலை, தூங்குவாள் என்று சொல்லிக் கீழே வைத்தார். மறுநாள் காலையிலும் எடுத்து, வேறு ஏதோ நேரம் சொல்லி வைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. கார்மெலா போய்த் திறந்தாள். பெவ் நின்றிருந்தாள். கையில், துண்டு சுற்றிய நீளமான கண்ணாடிப் பாத்திரம். உள்ளே ஹாட்டிஷ். மாட்டிறைச்சியும் காளானும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசை குலையாமல் அடுக்கிச் சுட்டது. பாத்திரத்தின் அடியில் ஒட்டுநாடாவில் அவள் பெயர். இந்த ஊரில் அப்படிப் பெயர் ஒட்டிய பாத்திரம் வாசலுக்கு வந்தால், அந்த வீட்டில் ஏதோ துக்கம் என்று அர்த்தம்.

“யார் செத்தது?” என்றாள் கார்மெலா.

“யாரும் இல்லைங்க. பண்ணும்போது கொஞ்சம் அதிகமாயிடுச்சு.”

பாத்திரத்தில் ஒரு மூலைகூடத் தொடப்படவில்லை. பெவ் தாழ்ந்த குரலில், “தனியாத்தானே இருக்கீங்க? வெள்ளிக்கிழமைன்னா அவர் கூடைப்பந்துப் பசங்கள ஏத்திட்டுப் போவாரே” என்றாள்.

“ஆட்டம் ரத்து, பனி ஜாஸ்தி” என்று சொல்லிக்கொண்டே ஆர்லன் உள்ளேயிருந்து வந்தார். பெவ் முகம் வெளுத்தது.

“அப்ப நான் கிளம்பறேன்.”

“காபி, காபி, காபி” என்றாள் கார்மெலா. “மூணு தடவ கேட்டாச்சு. உக்காருங்க.”

மூவரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெவ் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்தாள்.

“ஹிப்பிங் ஊர்ல எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. ஃபோன்ல யாரோ ஒரு பொண்ணு அவர்கிட்ட நல்லாப் பேசியிருக்கா. அப்புறம் இந்த மாதிரி கார்டு வாங்கி நம்பரப் படிக்கச் சொன்னா. இவரும் படிச்சாரு. படகு போச்சு, வண்டி போச்சு.”

“அடப்பாவமே” என்றார் ஆர்லன்.

“கல்யாணம் ஆனவரு.”

“ஐயோ பாவம். அந்தம்மா என்ன ஆனாங்க?” ஆர்லனின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

பெவ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று நினைத்தாள் போலிருக்கிறது. கார்மெலா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோப்பையை டொக்கென்று வைத்தாள்.

“பெவ், நீங்க சொல்ல வந்தத ஒரே வரில சொல்லுங்க. ஹாட்டிஷ் ஆறுது.”

பெவ் கண்ணை மூடிக்கொண்டாள். “ஆர்லன் வாரத்துக்கு நாலு ஐநூறு டாலர் கார்டு வாங்கறாரு. வர்றப்பல்லாம் கூடவே ஒரு காதல் அட்டை. ஜனவரிலேர்ந்து பதினோரு காதல் அட்டை. ஒண்ணுல, ‘என் உயிரே, உன்னைக் காணும் நாள் எந்நாளோ’ன்னு போட்டிருந்தது. உங்களத்தான் அவர் தெனமும் பாக்கறாரே. மெஷின் கெட்டுப்போச்சுன்னு பொய் சொல்லித்தான் நேத்து அனுப்பினேன். என்னை மன்னிச்சுடுங்க.”

நாய் எழுந்து, சுற்றி வந்து, மறுபடி படுத்தது. ஆர்லனின் காது நுனிவரை சிவந்துவிட்டது.

கார்மெலா அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். “பதினோரு காதல் அட்டை” என்றாள். “எனக்கு ஒண்ணுகூட வரலையே ஆர்லன்.”

“நான் படிச்சே பாக்கல” என்றார் அவர்.

கார்மெலா எழுந்தாள். அடுப்புக்கு இடப்பக்கம் இரண்டாவது இழுப்பறையை அப்படியே உருவிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தாள். பெவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“‘இரட்டையரின் முதல் பிறந்தநாளுக்கு.’ ‘ஓய்வு பெறும் எங்கள் போதகருக்கு.’ ‘என் உயிரே’… இது அதேதான். ‘புது மாமியாருக்கு அன்புடன்.’” அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “படிக்காமலா எடுத்தீங்க?”

“பின்னாடி ஆள் நிப்பாங்களே.”

“எதுக்கு வாங்கணும்?”

ஆர்லன் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார். “ஒரு கார்டுக்கு உங்களுக்கு ரெண்டு நிமிஷம் வேலை. அவ்வளவு தொந்தரவு குடுத்துட்டு வெறுங்கையா போக மனசு வரல.”

“எனக்கு மணிக்கணக்குலதான் சம்பளம் ஆர்லன்.”

“அது சரி. இருந்தாலும்.”

ஜனவரி, பிப்ரவரியில் அட்டைத் தட்டின் முன்வரிசை முழுக்கக் காதலர் தினத்துக்கானது என்பது அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது. கார்மெலா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் கண்ணாடிச் சாமான்கள் கவனமாக இருக்க வேண்டும். பெவ்வும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு” என்றார் ஆர்லன்.

“நல்லாத்தான் இருக்கு.”

“தெரியும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு எனக்கும் தெரியும்.”

“கடவுளே, இவங்களோட முப்பது வருஷம்” என்றாள் கார்மெலா நாயிடம்.

பிறகு அவளே சிக்னேவைப் பற்றி, பிரசவத்தைப் பற்றி, இரண்டாவது இருக்கையைப் பற்றி, நாளையோடு முடியும் பில்லைப் பற்றி எல்லாவற்றையும் நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பெவ் ஒரு நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டாள். “மிச்சக் கார்டெல்லாம் உள்ள எடுத்து வெச்சுட்டாங்க. நாளைக்கு மூடற வரைக்கும் கிரெடிட் கார்டுக்கு விக்கலாம். காலைல எட்டு மணிக்கு நான்தான் கல்லாவுல. வந்துடுங்க.”

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஆர்லன் கடையில் இருந்தார். பெவ் கல்லாவுக்கு அடியிலிருந்து இரண்டு கார்டை எடுத்தாள். முதல் கார்டு சரியாகப் பதிவானது. இரண்டாவதைத் தேய்த்தபோது திரை நீலமாகி அப்படியே நின்றது.

பெவ் ஒரு பொத்தானை அழுத்தினாள். இன்னொன்றை அழுத்தினாள். பிறகு தயங்கித் தயங்கி நிமிர்ந்தாள்.

“ஆர்லன். மெஷின் என்னவோ பண்ணுது.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். எட்டு வருடத்தில் முதல்முறையாக நேராக ஒரு கேள்வி கேட்டார். “நிஜமாவா?”

“நிஜமா. சத்தியமா. அணைச்சுப் போடணும். பத்து நிமிஷமாவது ஆகும்.”

அவருக்குப் பின்னால் இருமல் மருந்தோடு ஒரு தடித்த மனிதர் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், அதற்குப் பின்னால் இன்னும் இருவர். இன்னொரு கல்லா மூடியிருந்தது. பரவாயில்லை, அப்புறம் வருகிறேன் என்ற வார்த்தை ஆர்லனின் தொண்டைவரை வந்துவிட்டது. அறுபத்திரண்டு வருடமாக அது தானாக வெளியே வந்து பழகிய வார்த்தை. அதை விழுங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினார்.

“மன்னிச்சுக்கணும். நான் நிக்கத்தான் வேணும். என் பொண்ணுக்குக் குழந்தை பொறக்கப்போவுது.”

“எப்போ?” என்றார் இருமல்காரர்.

“ஏப்ரல்ல.”

“அப்ப டயம் இருக்கே.”

“இல்லைங்க” என்றார் ஆர்லன். “இன்னைக்கு ஒரு நாள்தான்.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் யாரும் கேட்கவில்லை, இது டுலூத். பெவ் மெஷினின் கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகினாள். அது முனகியது, விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பின்னால் ஒருவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். ஆர்லனின் கழுத்தில் வேர்த்தது. அசையாமல் நின்றார்.

பதின்மூன்றாவது நிமிடம் மெஷின் கிர்ரென்று சீட்டைத் தள்ளியது. பெவ் அதைக் கிழித்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். “போயிட்டு வாங்க” என்றாள்.

அவர் கை வழக்கப்படி அட்டைத் தட்டுக்குப் போனது.

“வேண்டாம் ஆர்லன்.”

“இது உங்களுக்கு இல்ல” என்றார்.

காதலர் தினம் முடிந்து பதினைந்து நாள். மிச்சமான அட்டைகள் கல்லாவின் கீழே ஒரு கூடையில் அரை விலைக்குக் கிடந்தன. ஆர்லன் குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்துப் படித்தார். வைத்துவிட்டு இன்னொன்றைப் படித்தார். மூன்றாவதில் இதயங்கள் அதிகமாக இருந்தன. நான்காவதை முழுக்க, கடைசி வரிவரை, நிதானமாகப் படித்தார்.

“நல்லதாவே பாத்து எடுங்க” என்றார் இருமல்காரர். “நின்னது நின்னாச்சு.”

பெவ்வின் பேனாவை வாங்கி, அங்கேயே கல்லா மேல் வைத்து எழுதினார்.

வீட்டில் கார்மெலா கதவருகிலேயே காத்திருந்தாள். கிடைத்ததா என்று அவள் கேட்பதற்குள் அட்டையை நீட்டினார். அவள் பிரித்தாள். அச்சடித்த நான்கு வரிக் கவிதைக்குக் கீழே, பள்ளிப் பேருந்து அட்டவணை எழுதும் அதே நேரான கையெழுத்து: ‘கார்மெலா, ஏப்ரல் பத்தொன்பது. ஜன்னல் இருக்கை உனக்கு. ஆர்லன்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மூக்கை உறிஞ்சினாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“அரை விலை ஸ்டிக்கரயாவது பிச்சிருக்கலாம்” என்றாள். அட்டையை அவள் இழுப்பறையில் போடவில்லை. ஜன்னலோரம் நிற்க வைத்தாள். பிறகு பெவ்வின் பாத்திரத்தைக் கழுவ எடுத்தாள். அதைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நினைக்கும் அளவுக்கு அவளும் அந்த ஊர்க்காரியாகிவிட்டிருந்தாள்.